செல்ஃப்-சைன்டு சான்றிதழைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலும், பல்லடம், சோமனூர் வட்டாரத் தறிக்கூடங்களிலும், கோவையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளிலும் இயந்திரங்களின் ஓட்டக் கணக்கை இப்போது மென்பொருளே எடுக்கிறது. ஆபீஸ் அறையில் ஒரு சர்வர், பட்டறையில் அதற்குத் தகவல் அனுப்பும் சிறு கருவிகள், முதலாளியின் கைப்பேசியில் ஓர் ஆப் என்பதுதான் பெரும்பாலும் அமைப்பு. அந்த சர்வருக்கு 192.168.1.50 போன்ற உள்முகவரி மட்டுமே இருக்கும். அத்தகைய முகவரிக்கு, ‘இந்த சர்வர் உண்மையானதுதான்’ என்று உறுதி சொல்லும் சான்றிதழைப் பொதுச் சான்றளிப்பு நிறுவனங்கள் வழங்குவதில்லை. ஆகவே புரோகிராமர் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் கருவி கொண்டு, தாமே கையொப்பமிட்ட ‘செல்ஃப்-சைன்டு’ சான்றிதழ் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறார், அதில் தவறேதும் இல்லை. ஆனால் கிளையன்ட், அதாவது சர்வரோடு பேசும் ஆப் அல்லது கருவி, முதன்முறை இணையும்போது பிழை வருகிறது. இணையத்தில் தேடினால் சரிபார்ப்பையே அணைத்துவிடும் ஒரு வரி கிடைக்கிறது. “இப்போதைக்கு ஓடட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்று சேர்க்கப்படும் அந்த வரி, பல ஆண்டுகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் ‘வெரிஃபை’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ கொடுப்பது, கோ மொழியில் ‘இன்செக்யூர்ஸ்கிப்வெரிஃபை’ போடுவது, ஜாவாவில் எதையும் ஆராயாமல் திரும்பும் டிரஸ்ட்மேனேஜர் எழுதுவது, இஎஸ்பி8266 கருவியில் ‘செட்இன்செக்யூர்’ அழைப்பது, கர்ல் கட்டளையில் ‘-கே’ சேர்ப்பது ஆகிய எல்லாமே ஒரே தவறின் வெவ்வேறு வடிவங்கள். பைத்தான் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறது என்பதற்காக, அந்த எச்சரிக்கையையும் அடக்க இன்னொரு வரி சேர்ப்பவர்கள் உண்டு. அடுத்து வரும் புரோகிராமருக்கு இருந்த ஒரே அடையாளத்தையும் அது அழித்துவிடுகிறது.

சரிபார்ப்பு என்பது ஒற்றைக் கேள்வி அல்ல. இந்தச் சான்றிதழ் நான் நம்பும் ஒன்றிலிருந்து வருகிறதா, நான் அழைத்த பெயருக்கு உரியதா, இன்றைய தேதிக்குச் செல்லுமா என்று மூன்றையும் அது கேட்கிறது. செல்ஃப்-சைன்டு சான்றிதழில் இடறுவது முதல் கேள்வி மட்டுமே. அணைக்கும் வரியோ மூன்றையும் சேர்த்துத் தூக்கி எறிகிறது. மறையாக்கம் அதன் பிறகும் நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது முத்திரையிட்ட உறையை, கேட்டில் நிற்பவர் யாரென்று பாராமல் அவர் கையில் கொடுப்பதற்குச் சமம்.

“உள் நெட்வொர்க்தானே, யார் வரப்போகிறார்கள்?” என்ற வாதம் இங்கே அடிக்கடி எழுவதால், நடப்பதைச் சற்று அருகில் பார்க்கலாம். ஆலையின் வைஃபை கடவுச்சொல் சர்வீஸ் இன்ஜினியருக்கும் தெரியும், கேமரா மாட்ட வந்தவருக்கும் தெரியும், பையருடன் வந்த விருந்தினருக்கும் தெரியும். அவர்களில் ஒருவரின் லேப்டாப்பில் தீய மென்பொருள் இருந்தாலே போதும், அது ஏஆர்பி என்னும் முகவரி அறிவிப்பைப் பொய்யாக அனுப்பி, “192.168.1.50 நான்தான்” என்று மற்றக் கருவிகளை நம்ப வைத்துவிடும். நடுவில் நின்று தகவலை இடைமறிக்கும் மிட்எம்பிராக்ஸி போன்ற கருவி அந்த நொடியிலேயே ஒரு சான்றிதழை உருவாக்கி நீட்டும். சரிபார்ப்பு அணைக்கப்பட்ட கிளையன்ட் அதை மறுப்பதில்லை. கடவுச்சொல்லும் ஏபிஐ சாவியும் நடுவில் இருப்பவரின் திரையில் வெற்று எழுத்தாக விழுகின்றன; பின்பு அதே தகவல் உண்மையான சர்வருக்கும் போய்ச் சேருவதால், இரு முனைகளிலும் எந்தப் பிழையும் தெரிவதில்லை.

இதற்கான சரியான வழி, அணைக்கும் வரியைவிடக் கடினமானதே அல்ல. சர்வரின் சான்றிதழ்க் கோப்பை மட்டும் கிளையன்ட்டுக்கு எடுத்துச் சென்று, ‘ஃபால்ஸ்’ என்று எழுதிய இடத்தில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் போதும். கோ மொழியில் ‘ரூட்சிஏஸ்’, நோடில் ‘சிஏ’, ஜாவாவில் அதற்கெனத் தனியாக ஒரு கீஸ்டோர் (சான்றிதழ்ப் பெட்டகக் கோப்பு) என ஒவ்வொரு மொழியிலும் அதற்கு இடம் உண்டு. இவ்வாறு செய்தால் அந்த இணைப்பு அந்த ஒரு சான்றிதழைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. உலகில் எந்தச் சான்றளிப்பு நிறுவனம் ஏமாந்தாலும் நமக்குப் பாதிப்பில்லை. செல்ஃப்-சைன்டு என்றாலே தரக்குறைவு என்ற எண்ணத்தை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: முதல் பிரதியை அதே நெட்வொர்க்கில் கண்மூடி இறக்கிக்கொள்ளக் கூடாது. பென்டிரைவில் நேரடியாக எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது அதன் எஸ்எச்ஏ-256 கைரேகையை (சான்றிதழிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை) சர்வர் அருகில் இருப்பவரிடம் போனில் கேட்டு ஒப்பிட வேண்டும்.

பிழைச் செய்தியைப் படிக்காமல் மருந்து தேடுவது அடுத்த தவறு. ஓபன்எஸ்எஸ்எல்லின் ‘எஸ்_கிளையன்ட்’ கட்டளை பிழையை எண்ணோடு சொல்கிறது. 18 என்றால் செல்ஃப்-சைன்டு சான்றிதழ் நம்பகப் பட்டியலில் இல்லை. 20 அல்லது 21 என்றால் பல சமயங்களில் செல்ஃப்-சைன்டு பிரச்சினையே அல்ல: விலை கொடுத்து வாங்கிய சான்றிதழோடு சேர்த்து அனுப்ப வேண்டிய, அதை வழங்கிய நிறுவனத்தின் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை சர்வர் அனுப்பவில்லை என்பதே காரணமாக இருக்கும், அதை சர்வர் பக்கம்தான் சரிசெய்ய வேண்டும். 10 காலாவதியையும், 62 பெயர்ப் பொருத்தமின்மையையும் குறிக்கும்.

அந்த 62 பலரை அலைக்கழிக்கிறது. சான்றிதழின் ‘காமன் நேம்’ புலத்தில் முகவரியை எழுதினால் போதும் என்ற பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. குரோம் 2017-இல் வந்த 58-ஆம் பதிப்பிலேயே அந்தப் புலத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. கோ மொழியும் 2020-இல் 1.15 பதிப்பில் அதைக் கைவிட்டது. பெயர்கள் ‘சப்ஜெக்ட் ஆல்டர்னேட்டிவ் நேம்’ பகுதியில் இருக்க வேண்டும். ஐபி முகவரியாக இருந்தால் டிஎன்எஸ் (டொமைன் பெயர்) வகையாக அல்லாமல் ஐபி வகையாகவே பதிய வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 முதல் ‘-ஆட்எக்ஸ்ட்’ என்ற விருப்பத்தால் ஒரே கட்டளையில் இதைச் செய்யலாம். இதற்குப் பதிலாகப் பெயர்ச் சரிபார்ப்பை மட்டும் அணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம்புவது ஒரே ஒரு சர்வரின் சான்றிதழை மட்டும் என்றால் இழப்பு சிறியது, பொது நிறுவனங்களின் பட்டியலை நம்பிக்கொண்டு பெயரைப் பார்க்காவிட்டால், ஏதோ ஒரு டொமைனுக்கு முறையான சான்றிதழ் வாங்கிய எவரும் உங்கள் சர்வராக நடிக்கலாம்.

தேதி விஷயத்தில் இரு முனைகளிலும் தவறு நடக்கிறது. நாள் கணக்கு கொடுக்காவிட்டால் ஓபன்எஸ்எஸ்எல் 30 நாட்களுக்குத்தான் சான்றிதழ் தரும். எனவே பலர் 3650 நாட்கள் என்று எழுதிவிட்டு அதை மறந்தே போகிறார்கள். காலம் முடியும் முன்பே புதியதை உருவாக்கி, பழையது, புதியது இரண்டையும் ஏற்கும்படி கிளையன்ட்டுகளை முதலில் மாற்றிய பிறகே சர்வரில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஷிப்மென்ட் நெருக்கடியில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோகும், அப்போது மீண்டும் அந்த அணைக்கும் வரிதான் கைக்கு வரும். பேட்டரிக் கடிகாரம் இல்லாத சிறு கருவிகள் மின்சாரம் போய் வந்ததும் 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணத் தொடங்குவதால், தேதியைப் பார்க்கும் நூலகம் “இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை” என்று மறுக்கும். என்டிபி என்னும் நெட்வொர்க் வழி நேரச் சேவை மூலம் நேரத்தைச் சரிசெய்த பிறகு இணைப்பதே அதற்குத் தீர்வு.

புரோகிராம் ஒன்றுக்குத் தேவையானதை முழுக் கணினிக்கும் நம்பகமாக்குவது இன்னும் பெரிய தவறு. ஓபன்எஸ்எஸ்எல்லின் வழக்கமான அமைப்பில் உருவாகும் செல்ஃப்-சைன்டு சான்றிதழ், மற்றவற்றுக்குக் கையொப்பமிடும் உரிமையோடுதான் பிறக்கிறது. அதை விண்டோஸின் நம்பகப் பட்டியலில் ஏற்றிவிட்டால், அதன் தனிச்சாவியை (உரியவரிடம் மட்டும் இருக்க வேண்டிய ரகசியச் சாவியை) திருடியவர் அந்தக் கணினியில் வங்கித் தளமாகவே நடிக்க முடியும். லெனோவோ லேப்டாப்களில் முன்கூட்டியே நிறுவப்பட்ட சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருள், எல்லாக் கணினிகளிலும் ஒரே மூலச் சான்றிதழையும் ஒரே தனிச்சாவியையும் வைத்திருந்தது 2015-இல் அம்பலமானது. சாவி வெளிவந்ததும் அத்தனை கணினிகளும் ஒரே நாளில் ஆபத்துக்குள்ளாயின. தயாரிக்கும் ஒவ்வொரு கருவியின் ஃபர்ம்வேரிலும் (உள்மென்பொருளிலும்) ஒரே தனிச்சாவியைப் பதித்து விற்பதும், தனிச்சாவியை ‘கிட்’ என்னும் நிரல் களஞ்சியத்தில் ஏற்றுவதும் அதே வகைப் பிழைகள்.

சர்வர்கள் ஓரிரண்டைத் தாண்டினால் ஒவ்வொன்றின் சான்றிதழையும் சுமந்து திரிவதைவிட, சொந்தமாக ஒரு சிறு மூலச் சான்றிதழ் வைத்து, அதன் சாவியை நெட்வொர்க்கில் இணைக்காத கணினியில் பூட்டிவைத்து, மற்றவற்றுக்கு அதனால் கையொப்பமிடுவது நல்லது. நிறுவனத்துக்கு டொமைன் பெயர் இருந்தால் அதுகூடத் தேவையில்லை: லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் சான்றளிப்பு அமைப்பின் டிஎன்எஸ்-01 முறையில் (டொமைனின் டிஎன்எஸ் பதிவில் ஒரு குறிப்பைச் சேர்த்து உரிமையை நிரூபிக்கும் முறையில்), சர்வரை இணையத்துக்குத் திறக்காமலே உள் சர்வருக்கு இலவசமாகச் சான்றிதழ் பெறலாம்.

இத்தனைக்கும் பிறகு, அணைக்கும் வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பதை ஒரு சோதனையால் அறியலாம். வேறொரு செல்ஃப்-சைன்டு சான்றிதழோடு ஒரு போலி சர்வரை ஓடவிட்டு, புரோகிராமை அதனோடு இணைக்கும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள். இணைப்பு தோற்றால்தான் அந்த டெஸ்ட் தேறியதாகக் கணக்கு. இணைந்துவிட்டால் அன்றைய பில்டை வாடிக்கையாளருக்கு அனுப்பக் கூடாது.