சூட்டிலும் விடாத ஒட்டு: ஹார்டனர் கலக்கும் கான்டாக்ட் பசை

சாதாரண கான்டாக்ட் பசையில், அதாவது இரண்டு பக்கமும் பூசிக் காயவிட்டுச் சேர்க்கும் பசையில், ஒட்டிய ஷூவை வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மதியம் விட்டுப் பாருங்கள், அடிப்பாகம் ஓரத்தில் வாய் பிளந்துவிடும். பிரித்தால் பசை இரண்டு பக்கமும் நூல் நூலாக இழுபடும். பசை கெட்டுப்போகவில்லை, சூட்டில் இளகிவிட்டது. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில் செய்த கான்டாக்ட் பசைகளில் பலவும் 60, 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் பிடியை விட ஆரம்பிக்கும். இதைத் தடுக்கத்தான் பசையோடு கூடவே வரும் சின்ன டப்பா, அதாவது ஹார்டனர். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் பசையின் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்துவிடுவதால், பிறகு சூடு பட்டாலும் அவை எளிதில் நழுவாது.

முதலில் எதை ஒட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ரப்பர், தோல், துணி, மரம், உலோகம் எல்லாவற்றுக்கும் நியோப்ரீன் சரி. மென்மையான பிவிசி என்றால் பாலியூரிதேன் பசை வாங்குங்கள், ஏனென்றால் பிவிசியை வளைய வைக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து நியோப்ரீனை நொளநொளவென்று ஆக்கிவிடும். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் இரண்டிலும் இந்தப் பசைகள் நிற்காது. தெர்மகோலையோ கரைத்தே விடும்.

ஒட்டும் இடத்தின் மினுமினுப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பசைக்குரிய கரைப்பானால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். புது ரப்பரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், அதன் மேலேயே பூசினால் பசை ரப்பரைத் தொடவே தொடாது.

கலக்கும்போது கண்ணளவு வேண்டவே வேண்டாம், டிஜிட்டல் தராசு வையுங்கள். பல பசைகளுக்கு 100 கிராமுக்கு 5 கிராம் ஹார்டனர் வாக்கில் வரும், ஆனால் உங்கள் டப்பாவில் போட்டிருப்பதுதான் கணக்கு. கூடுதலாக ஊற்றினால் இன்னும் பலமாகும் என்று நினைக்காதீர்கள், ஒட்டு விறைத்துப்போய் வளையும் இடத்தில் விரிசல் விடும். கலந்தது சில மணி நேரத்துக்குள் கெட்டியாகிவிடும் என்பதால் அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். ஜெல்லி மாதிரி திரண்டதைத் தின்னர் விட்டு மீட்கப் பார்க்காதீர்கள். மிச்சத்தைப் பழைய டப்பாவில் திருப்பி ஊற்றவோ இறுக்கி மூடவோ கூடாது, திறந்தவெளியில் இறுகவிட்டு அப்புறப்படுத்துங்கள். ஹார்டனர் டப்பாவை மட்டும் எடுத்த கையோடு மூடிவிடுங்கள், காற்றிலுள்ள ஈரமே அதைக் கெடுத்துவிடும்.

இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசுங்கள். தோல், துணி போன்றவை முதல் பூச்சை உறிஞ்சிக்கொள்ளும், அது காய்ந்ததும் இன்னொன்று பூசுங்கள். அடுத்ததுதான் பலரும் அவசரப்படும் இடம். விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: விரலின் தோல் லேசாக இழுபட வேண்டும், ஆனால் பசை விரலோடு வரக்கூடாது. ஈரம் இருக்கும்போதே சேர்த்தால் கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கொண்டு பல நாள் ஒட்டு மென்மையாகவே கிடக்கும். மழை நாளில் பூச்சு வெளுத்துத் தெரிந்தால் மேலே நீர் படிந்திருக்கிறது என்று அர்த்தம், அது போகும்வரை சேர்க்காதீர்கள்.

இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. பெரிய துண்டுகளுக்கு நடுவே மெல்லிய குச்சிகளை வைத்து, இடம் பார்த்தபின் ஒவ்வொன்றாக உருவுங்கள். அப்புறம் நடுவிலிருந்து வெளியே ரோலரால் அழுத்துங்கள், அல்லது ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். எவ்வளவு நேரம் என்பதைவிட எவ்வளவு பலமாக என்பதே முக்கியம்.

ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிப் போய் தூரத்து நெருப்பையும் பிடிக்கும். கையுறை, கரிம ஆவிக்கான முகமூடி இரண்டும் கட்டாயம். ஐசோசயனேட் நுரையீரலில் நிரந்தர ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது, ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

ஒட்டியதை ஒரு நாள் கழித்துக் கையாளலாம், ஆனால் சூடு தாங்கும் பலம் வர ஒரு வாரம்கூட ஆகலாம். அதே கலவையில் இரண்டு கழிவுத் துண்டுகளையும் ஒட்டி வையுங்கள், வாரம் கழித்துச் சூடாக்கி இழுத்துப் பாருங்கள். ரப்பரே கிழிந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் சுத்தமாகக் கழன்றால் தேய்த்தது போதவில்லை. நூல் நூலாக வந்தால் ஹார்டனர் குறைவு, இல்லையென்றால் இன்னும் இறுகவில்லை.