சீட்டுக்கட்டை எத்தனை முறை கலைக்க வேண்டும்?

கட்டு சரியாகக் கலைந்துவிட்டதா என்பதைக் கண் சொல்லாது. எண்ணிப் பார்த்தால் தெரியும். முதலில் 52 சீட்டுகளின் ஓரத்திலும் மேலிருந்து கீழாக 1 முதல் 52 வரை பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கட்டை ஏறக்குறைய நடுவில் வெட்டி, இரு பகுதிகளின் முனைகளையும் கட்டைவிரல்களால் விடுவித்து, ஒன்றுக்குள் ஒன்று விழும்படி ஒருமுறை கலையுங்கள். இதுவே ரிஃபிள் முறை. இப்போது மேலிருந்து 1-ஐத் தேடி, அதற்குக் கீழே 2, அதற்கும் கீழே 3 என்று தொடருங்கள். அடுத்த எண் கீழே இல்லாமல் மேலே இருந்தால், ஒரு வரிசை முடிந்து, அந்த எண்ணிலிருந்து புதியது தொடங்குகிறது. இவற்றை ஏறுவரிசைகள் என்போம். வெட்டப்பட்ட ஒவ்வொரு பகுதியும் தன் உள்வரிசையைக் குலைக்காமலேயே மற்றதோடு கலப்பதால், ஒருமுறை கலைத்த கட்டில் இரண்டுக்கு மேல் ஏறுவரிசைகள் இருக்கவே முடியாது. ஒவ்வொரு கலைப்பும் அந்த உச்சவரம்பை இரட்டிப்பாக்குகிறது: 4, 8, 16, 32, 64.

முழுக்கத் தற்செயலாக அடுக்கப்பட்ட கட்டில் ஏறுவரிசைகளின் சராசரி 26.5, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) ஏறத்தாழ 2.1. நான்கு முறை கலைத்த கட்டு 16-ஐத் தாண்டாது என்பதால், அது தற்செயலானதன்று என்பது எண்ணுபவருக்கு அப்போதே தெரிந்துவிடும். 52-லிருந்து 1 வரை தலைகீழான அடுக்குக்கோ 52 ஏறுவரிசைகள் தேவை. ஐந்து முறை கலைத்தாலும் அது வரவே வராது.

கணிதவியலாளர்களான டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. வெட்டுமிடம் நாணயம் சுண்டுவதைப் போன்ற தற்செயலால் அமைகிறது, சீட்டு எந்தப் பகுதியிலிருந்து விழும் என்பது அப்பகுதியின் பருமனுக்கேற்ற வாய்ப்பைப் பெறுகிறது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி. தற்செயல் நிலையிலிருந்து உள்ள தூரத்தை 0 (முழுத் தற்செயல்) முதல் 1 வரை அளந்தால், நான்கு கலைப்புகள் வரை அது ஏறத்தாழ 1-லேயே நிற்கிறது, ஐந்தில் 0.924, ஆறில் 0.614, ஏழில் 0.334, எட்டில் 0.167, அதன் பின் ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் பாதியாகிறது. ஏழு போதும் என்ற பேச்சு இங்கிருந்து வந்ததே, ஆனால் 0.334 சிறிய எண்ணன்று, எனவே பணயம் இருக்கும் ஆட்டத்தில் ஒன்பது முறை கலைப்பதையே நான் சொல்வேன்.

கை தேர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சரிபாதியாக வெட்டி, மேல்சீட்டு மேலேயே இருக்குமாறு ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிசகாமல் கோத்தால், எட்டாவது முறையில் கட்டு பழைய வரிசைக்கே திரும்பிவிடும். கட்டைக் கையில் பிடித்து, கொத்துக் கொத்தாக மேலிருந்து எடுத்துப் போடுவதோ மிக மெதுவான வழி; ரிஃபிளுக்கு நிகரான பலனைப் பெற அதற்கு ஆயிரக்கணக்கான முறை தேவை.

சோதனையின் எல்லையையும் மனத்தில் கொள்ளுங்கள். எண்ணிக்கை 22-க்கும் 31-க்கும் இடையில் விழுவது கட்டு கலைந்திருக்கலாம் என்று மட்டுமே காட்டும். அதற்கு மிகக் கீழே நின்றால், கலையவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் சீட்டுகளை 1 முதல் மறுபடி அடுக்கிக்கொண்டு, பல முறை எண்ணிச் சராசரியைப் பாருங்கள்.