கடல்மேடை வெல்டுகளின் சோர்வுக் கணக்கு: சிறிய வெல்டிலிருந்து தொடங்குங்கள்

1980 மார்ச் 27 அன்று வட கடலின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அலெக்சாண்டர் கீலண்ட் மிதவைமேடை கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். ஒலியறி கருவி ஒன்றின் தாங்கியைப் பொருத்துவதற்காக பிரேஸ் குழாயில் (மேடையின் கால்களை இணைக்கும் குழாய்) போடப்பட்ட 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டில்தான் (இரு பரப்புகள் சேரும் மூலையை நிரப்பும் வெல்டு) விரிசல் தொடங்கியது என்று விசாரணை கண்டறிந்தது. மேடையின் பளுவில் எதையும் அந்தத் தாங்கி சுமக்கவில்லை. ஆகவே சோர்வுக் கணக்கை, அதாவது அலைகள் மீண்டும் மீண்டும் தரும் பளுவை வெல்டு எத்தனை காலம் தாங்கும் என்ற கணக்கை, முதன்மை இணைப்புகளை மட்டும் பட்டியலிட்டுத் தொடங்கக் கூடாது. ஏணி, குழாய்த்தாங்கி, ஆனோடு (எஃகு துருப்பிடிக்காமல் காக்கும் உலோகக் கட்டி) எனப் பின்னர் வந்து சேரும் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் தேடி எடுத்த பிறகே தொடங்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு வெல்டுக்கும் டிஎன்வி நிறுவனத்தின் ஆர்பி-சி203 என்ற சோர்வுத் தரநிலையில் அதன் வகையைக் கண்டுபிடியுங்கள். தகைவு (பரப்பளவு ஒன்றின் மீது விழும் உள்விசை) பாயும் திசையில் பற்றவைக்கப்பட்ட துண்டின் நீளம் 50 மி.மீ.க்குள் இருந்தால் அது ‘இ’ வகை, 300 மி.மீ.யைத் தாண்டினால் ‘எஃப்3’. தகைவு வீச்சு (ஒரு சுற்றில் தகைவின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாடு) மாறாதிருந்தும், நீளம் கூடியதாலேயே ஆயுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

வகை தெரிந்ததும் எஸ்-என் வளைகோட்டுக்கு வரலாம்; எந்தத் தகைவு வீச்சை எத்தனை சுற்றுகள் தாங்கும் என்பதை ஒவ்வொரு வகைக்கும் அது காட்டும். 100 மெகாபாஸ்கல் தகைவு வீச்சை ‘டி’ வகை வெல்டு காற்றில் சுமார் 14.6 லட்சம் சுற்றுகள் தாங்கும். கடல்நீரில், கத்தோடிக் பாதுகாப்பு (ஆனோடு போன்றவற்றால் துருவைத் தடுப்பது) இருந்தும், சுமார் 5.8 லட்சம் சுற்றுகளே தாங்கும். வளைகோட்டின் அந்தப் பகுதியில் தகைவு வீச்சு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும் என்பதால், தகைவைக் கணிப்பதில் நேரும் சிறு பிழைகூடப் பெரிதாகிவிடும். எனவே கணினி மாதிரியில் வெல்டின் விளிம்பில் தெரியும் உச்ச மதிப்பை அப்படியே எடுக்காதீர்கள். தகட்டின் தடிமனில் பாதி தொலைவிலும் ஒன்றரை மடங்கு தொலைவிலும் தகைவைப் படித்து, அங்கிருந்து விளிம்புக்கு நீட்டிக் கணக்கிடுங்கள். குழாய் இணைப்புகளில் சுற்றளவில் எட்டு இடங்களைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். உயர்வலு எஃகு போட்டுவிட்டால் போதும் என்ற எண்ணத்தை நான் அடிக்கடி காண்கிறேன். இந்த வளைகோடுகளில் எஃகின் இளகு வலிமைக்கு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) இடமே இல்லை.

20 ஆண்டுகளில் ஏறத்தாழ 10 கோடி அலைகள் மேடையைத் தாக்கும். அவற்றின் சேதத்தை மைனர் விதிப்படி (வந்த சுற்றுகளைத் தாங்கக்கூடிய சுற்றுகளால் வகுத்து) கூட்டி, வடிவமைப்புச் சோர்வுக் காரணி என்ற பாதுகாப்புப் பெருக்கியால் பெருக்கினால், விடை 1-ஐத் தாண்டக் கூடாது. பழுதானால் விளைவு கடுமையாகவும், சோதிக்க எட்டாததாகவும் இருக்கும் இடத்துக்கு நார்வே எண்ணெய்த் துறையின் நார்சாக் தரநிலை 10 என்ற காரணியைக் கேட்கிறது. அதாவது, 20 ஆண்டு மேடையின் அந்த வெல்டுக்குக் கணக்கில் 200 ஆண்டு ஆயுள் வர வேண்டும்.

விடை தேறாவிட்டால் முதலில் துண்டை இடம்மாற்றுங்கள், அல்லது தகட்டைத் தடிமனாக்குங்கள். வெல்டின் விளிம்பை, தென்படும் பள்ளத்துக்குக் கீழே குறைந்தது 0.5 மி.மீ. வரை கிரைண்டிங் செய்வதும் ஆயுளைக் கூட்டும். ஆனால் முழுமையாக ஊடுருவாத ஃபில்லெட் வெல்டில் விரிசல் வேரிலிருந்தும் (வெல்டின் உள்ளே மறைந்திருக்கும் அடிப்பகுதி) கிளம்பலாம். வேரை கிரைண்டர் எட்டாது. அங்கே வெல்டின் கழுத்துத் தகைவை (அதன் மிகக் குறுகிய குறுக்குவெட்டில் வரும் தகைவு) ‘டபிள்யூ3’ வளைகோட்டில் தனியே சோதித்த பிறகே கிரைண்டிங்குக்கு அனுமதி கொடுங்கள்.