கொமினோவின் கடற்குகைகள்: அரைநாள் படகுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியதரைக் கடலில் மால்டா தீவுக்கும் கோசோ தீவுக்கும் இடையில் இருக்கும் கொமினோ தீவின் பரப்பு ஏறத்தாழ 3.5 சதுர கிலோமீட்டர்தான். மால்டிய மொழியில் அதற்குக் கெம்முனா என்று பெயர். சீரகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த நான், கடந்த ஆறு கோடைகளாக இந்தச் சீரகத் தீவைச் சுற்றிவரும் சுற்றுலாப் படகுகளில் வேலை பார்க்கிறேன். ஏணி இறக்குவதும், மிதவைச் சட்டை மாட்டிவிடுவதும், நீந்தப் போனவர்களைத் தலையெண்ணித் திரும்ப ஏற்றுவதும் என் பொறுப்பு.

மால்டாவில் வேலைக்கு வந்திருக்கும் தமிழ் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் இந்தப் பயணத்துக்கு வருகிறார்கள். முதல் ஆண்டில் நான் செய்த பிழைகளை, அதே இடத்தில், அதே நம்பிக்கையோடு அவர்கள் செய்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. தொப்பி கொண்டுவாருங்கள், வெயில் களிம்பு பூசுங்கள், குமட்டல் மாத்திரை போடுங்கள் என்பவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

காற்று நின்றதும் கடல் அடங்கிவிட்டதாக எண்ணுவது

நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பிழைக்காகத்தான்.

கொமினோவின் வடகிழக்குக் கரையில் சாந்தா மரியா குகைகள் இருக்கின்றன. அரைநாள் பயணத்தில் படகு அங்கே நின்று, இருபது நிமிடமோ அரைமணி நேரமோ நீந்த விடுவார்கள். வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு மால்டியர்கள் கிரிகால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்று வீசினால் அலை நேராகக் குகை வாயில்களில் போய் மோதும். வீசிக்கொண்டிருக்கும்போது யாரும் ஏமாறமாட்டார்கள், ஏனென்றால் கடல் வெள்ளையாக நுரைப்பது கண்ணுக்குத் தெரியும், படகும் அந்தப் பக்கம் போகாது. ஆபத்தான நாள் அதற்கு மறுநாள். காற்று இரவோடு நின்றுவிடும். காலையில் வானம் துடைத்துவைத்தாற்போல் இருக்கும். நீர்மேல் ஒரு சுருக்கம்கூட இராது. ஆனால் இரண்டு நாள் காற்று கிளப்பிவிட்ட அலை, நுரையில்லாமல், உருண்டு திரண்டு, வெகுதூரத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். திறந்த நீரில் அது படகை மெல்லத் தூக்கி இறக்குவதோடு சரி, தாலாட்டுவது போலத்தான் தோன்றும். அதே அலை, உள்ளே போகப் போகக் குறுகும் ஒரு குகைக்குள் நுழையும்போது, பக்கத்தில் விரிய இடமில்லாததால் மேலே எழும்புகிறது. வெளியே முழங்கால் உயரம்கூட இல்லாத அலை உள்ளே ஓர் ஆளைக் கூரைவரை தூக்கிவிடும்.

மால்டாவில் என் முதல் கோடையில், நான் படகு வேலைக்குச் சேருவதற்கு முன்பு, சித்தி மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். இரண்டு நாள் கிரிகால் அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள் காலை நாங்கள் அரைநாள் பயணத்துக்குப் போனோம். படகுக்காரர் குகைகளுக்கு எதிரே நங்கூரம் போட்டு, இன்று படகைச் சுற்றி மட்டும் நீந்துங்கள், உள்ளே போகவேண்டாம் என்று தெளிவாகத்தான் சொன்னார். கடற்கரையில் வளர்ந்தவன் என்ற எண்ணம் எனக்கு. “காற்றே இல்லையே, வாடா” என்று தம்பியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் இரண்டு நிமிடம் உள்ளே அவ்வளவு அமைதி. வாயில் வழியாக நுழைந்த வெயில் அடியிலிருந்த வெண்மணலில் பட்டு மேலே வர, எங்கள் கைகால்கள்கூட நீலமாகத் தெரிந்தன. பிறகு, வாயிலின் வெளிச்சம் மேலிருந்து கீழாகச் சுருங்கியது. அலை வாயிலை அடைத்துக்கொண்டு வருகிறது என்பது எனக்கு விளங்குவதற்குள் நீர் எங்களைத் தூக்கிவிட்டது. தம்பி கூரையில் தலை இடிக்காமல் இருக்கக் கையை உயர்த்தினான். இறங்கும் நீர் அவனைச் சுவரோடு இழுத்துக்கொண்டு போயிற்று. கொமினோவின் கரைப்பாறை பெரும்பாலும் பவளச் சுண்ணாம்புக்கல். நீர்மட்டத்தில் அது அரிக்கப்பட்டு, தேங்காய்த் துருவியின் பல்லைப் போலக் கூராக நிற்கும். முன்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சதை கிழிந்தது. அடுத்தடுத்து நான்கு அலைகள் வந்தன. ஐந்தாவது வரவில்லை; அந்த இடைவெளியில்தான் அவனை வெளியே இழுத்து வந்தேன். பதினொரு தையல். அவன் ஊருக்குத் திரும்பும் விமானச் சீட்டு வீணானது. எச்சரிக்கையை மீறிப் போனதாகச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுத்தது. அந்த ஆண்டு நான் சேமித்ததெல்லாம் அதிலேயே கரைந்தது. சித்தியிடம் தொலைபேசியில் என்ன சொல்வதென்று தெரியாமல் மருத்துவமனை வாசலில் நின்ற அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இதனால்தான், போன ஆகஸ்டில் நான்கு பேர் அதே இடத்தில் நின்று, “காற்றே இல்லையே அண்ணா, ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள்?” என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் வானத்தைப் பார்த்துக் கேட்டார்கள். முந்தைய இரண்டு நாளும் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு நேரம் காற்று வீசியது என்பதையே பார்த்திருக்க வேண்டும். கைப்பேசியிலேயே அது கிடைக்கிறது. இன்றைய வெயிலைப் பார்ப்பவர்கள் அனைவரும், நேற்றைய காற்றைப் பார்ப்பவர் ஒருவருமில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளங்கவைக்க நான் கள்ளக்கடலை எடுத்துச் சொல்வதுண்டு. கன்னியாகுமரிக் கரையிலும் கேரளக் கரையிலும், உள்ளூரில் காற்றே இல்லாத நாளில், தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய அலை திடீரென்று வந்து கரையேறுவதற்குத்தான் அந்தப் பெயர். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். மால்டாவின் அலைக்கு அந்தத் தொலைவும் அந்தப் பெருக்கமும் கிடையாது. ஆனால் காற்று இருக்கும் இடமும் அலை வந்து சேரும் இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே. “அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது” என்று தயங்குகிறவர்களைக் கடிந்துகொள்ள ஊரில் சொல்வார்கள். குகை வாயிலில் நிற்கும்போது அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பதில் பாறையிலேயே எழுதியிருக்கிறது. வாயிலின் இருபுறச் சுவர்களையும் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே பாறை ஈரமாகக் கறுத்தும், அதற்கு மேலே வெளுத்துக் காய்ந்தும் இருக்கும். வெயில் நாளில் சுண்ணாம்புக்கல் விரைவில் காய்ந்துவிடும் என்பதால், அந்த ஈரக்கோடு சற்று முன்பு அலை எவ்வளவு உயரம் ஏறியது என்பதைக் காட்டுகிறது. கோடு ஒரு சாண் உயரத்தில் இருந்தால் நல்ல நாள். இடுப்பளவு இருந்தால், இப்போது நீர் எவ்வளவு அசையாமல் இருந்தாலும், உள்ளே போகாதீர்கள். அடுத்து, காதால் கேளுங்கள். உள்ளேயிருந்து பறை அடித்தாற்போல் ஒரு அமுங்கிய ஓசை வந்தால், அலை குகையின் கோடியில் காற்றை அடைத்து நசுக்குகிறது என்று பொருள். அலைகள் கூட்டம் கூட்டமாக வருபவை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பல நிமிடம் கடல் தூங்குவது போல இருக்கும். ஆகவே இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது, குறைந்தது பத்து நிமிடம் வாயிலைப் பார்த்துக்கொண்டு மிதக்க வேண்டும். இருபது நிமிட நிறுத்தத்தில் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை என்பதை அறிவேன். கொடுத்தே ஆகவேண்டும்.

நல்ல நாளில் உள்ளே போனாலும் நடுநீரில் இருங்கள், முகம் வாயிலை நோக்கியே இருக்கட்டும். அலை தூக்கும்போது பாறையைப் பற்றிக்கொள்ளக் கை தானாகவே நீளும். அப்படிப் பற்றுவதால்தான் கை கிழிகிறது. குகைக்குள் எங்கள் படகு வர முடியாது. உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், என்னைப் போன்ற ஒருவன் நீந்தித்தான் வரவேண்டும்.

புளூ லகூனைப் பார்த்துக் குகைப் பக்கத்தைத் தீர்மானிப்பது

கொமினோவுக்கும் கெம்முனெட் என்ற சிறு தீவுக்கும் இடையிலுள்ள ஆழமற்ற நீர்தான் புளூ லகூன். அது தீவின் மேற்குப் பக்கம். சாந்தா மரியா குகைகள் வடகிழக்கில். கிரிகால் வீசும்போது தீவே தடுப்பாக நின்று புளூ லகூனைக் கண்ணாடிபோல் வைத்திருக்கும், குகைப் பக்கம் பொங்கும். மயிஸ்ட்ரால் எனப்படும் வடமேற்குக் காற்று வீசினால் நிலைமை பெரும்பாலும் தலைகீழாகும். மால்டாவில் மிகுதியாக வீசுவது இந்த மயிஸ்ட்ரால்தான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நம் கடலோரத்தில் காற்றைப் பெயர் சொல்லி அழைப்பது போல இங்கே எட்டுத் திசைக்கும் பெயர் உண்டு. அந்த எட்டில் இந்த இரண்டையாவது தெரிந்துகொண்டு வாருங்கள்.

தாய்லாந்திலோ அந்தமானிலோ குகை பார்த்தவர்கள் ஓதம் எப்போது வற்றும் என்று கேட்கிறார்கள். மால்டாவில் ஏற்றவற்றம் ஒரு சாண் அளவுதான் என்பதால், அதை வைத்து இங்கே எதையும் கணக்கிட முடியாது.

பணம் கட்டிய பிறகு கேள்வி கேட்பது

சிர்க்கெவாவிலிருந்தோ ஸ்லீமாவிலிருந்தோ புறப்படும் பெரும்பாலான படகுகள், வானிலைக்கேற்ப வழி மாறலாம் என்று எழுதித்தான் சீட்டுத் தருகின்றன. “குகைக்குப் போவீர்களா?” என்று கேட்டால் எந்த முகவரும் போவோம் என்றுதான் சொல்வார். “இன்றைய காற்றுக்கு எந்தக் குகை? அங்கே நீந்த விடுவீர்களா, பார்த்துவிட்டுத் திரும்புவோமா? சாந்தா மரியா முடியாவிட்டால் அதற்குப் பதில் எங்கே நிறுத்துவீர்கள்?” என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் கடலுக்குப் போய்வருகிறவர். தீவின் தென்மேற்கே, 1618இல் கட்டப்பட்ட சாந்தா மரியா கோபுரத்துக்குக் கீழே கிறிஸ்டல் லகூன் இருக்கிறது. வடகிழக்குப் பக்கம் ஆகாத நாளில் அதைச் சொல்கிறாரா என்று பாருங்கள். தொலைவிலிருந்து முன்பதிவு செய்வதானால், பயணத்தின் முதல் நாளுக்குப் பதியாமல் நடுவில் ஒரு நாளுக்குப் பதியுங்கள். மாற்றிக்கொள்ள இடம் இருக்கும்.

பிற்பகல் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது

வடகிழக்குக் குகைகளுக்கு வெயில் காலையில்தான் விழும். மதியத்துக்குப் பிறகு அங்கே நீலம் இல்லை, நிழல்தான். கோடையில் பிற்பகலில் காற்றும் கூடுவது வழக்கம்.

கரையிறங்க முன்பதிவு செய்யாமல் வருவது

2025 முதல் புளூ லகூன் கரையில் இறங்க இணையவழி முன்பதிவு தேவை. கட்டணம் இல்லை. உங்கள் படகு கரைக்கு விடுமா, நீரிலேயே நிற்குமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பாறையிலிருந்து குதிப்பது

வேண்டாம்.

சொறிமுட்டை பட்ட இடத்தில் நல்ல தண்ணீர் ஊற்றுவது

ஜெல்லி மீனை எங்கள் பக்கம் சொறிமுட்டை என்போம். மால்டா நீரில் அடிக்கடி சுடுவது ஊதா நிறத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு வகை. சுட்டதும் எல்லாரும் குடிநீர்ப் புட்டியைத் திறந்து ஊற்றுகிறார்கள். தோலில் ஒட்டியிருக்கும், இன்னும் வெடிக்காத நஞ்சுப் பைகளை நன்னீர் வெடிக்கச் செய்துவிடும், எரிச்சல் இரட்டிப்பாகும். கடல்நீரால் கழுவி, சமையல் சோடாவைக் கடல்நீரில் சரிபாதி குழைத்துப் பூச வேண்டும். வேறு சில வகைகளுக்கு வினிகர் நல்லது. இந்த ஊதா வகைக்கு ஆகாது. மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தெரிந்தால் உடனே படகுப் பணியாளரிடம் சொல்லுங்கள். கரையில் இருந்தால் அழைக்க வேண்டிய எண் 112.

வெறுங்காலோடு ஏறி இறங்குவது

கடல் முள்ளெலியின் முள் பாதத்தில் ஒடிந்து தங்கினால் அந்த வாரம் முழுவதும் நடக்க முடியாது. ரப்பர் அடியுள்ள நீர்க்காலணி ஒன்று போதும்.

கூப்பிடும்போது திரும்பாமல் இருப்பது

கொம்பு ஊதினால் நேரம் முடிந்தது என்று மட்டும் பொருள் கொள்கிறார்கள். சில சமயம் தொலைவில் அலைக்கூட்டம் வருவதைப் படகோட்டி மேல்தளத்திலிருந்து பார்த்துவிட்டு ஊதுவார். நீரில் இருக்கும் உங்கள் கண் நீர்மட்டத்தில் இருக்கிறது. அவர் கண் நான்கு மீட்டர் உயரத்தில்.

சென்ற ஜூன் மாதம் தம்பி மறுபடியும் வந்தான். முதல் நாள் சாந்தா மரியா குகைக்கு எதிரே இருவரும் நீரில் மிதந்துகொண்டு சுவரையே பார்த்தோம். ஈரக்கோடு நெஞ்சளவு இருந்தது. “நாளைக்கு வருவோம் அண்ணே” என்று அவன்தான் முதலில் திரும்பினான். மறுநாள் கோடு ஒரு சாண்கூட இல்லை. உள்ளே போய், தழும்பு இருக்கும் அந்தக் கையை நீருக்குள் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் நீலமாகத் தெரிந்தது.