பனிமலையில் குடிநீர் உறையாமல் இருக்க

உயரமான பனிமலை ஏறும்போது குழாய் வைத்த தண்ணீர்ப் பையை நம்பிப் போகாதீர்கள். முதுகுப்பைக்குள் தண்ணீர் நன்றாகவே இருக்கும். வெளியே தொங்கும் மெல்லிய குழாய்தான் முதலில் உறைந்து அடைத்துக்கொள்ளும். குடித்ததும் ஊதி, குழாயில் நிற்கும் தண்ணீரைப் பைக்குள் திருப்பி அனுப்பினால் கொஞ்சம் தாங்கும். கடுங்குளிரில் அதுவும் போதாது.

அகன்ற வாயுள்ள, வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. அதை முதுகுப்பைக்குள் தலைகீழாகச் செருகுங்கள். தண்ணீர் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்துதான் உறையத் தொடங்கும். பாட்டில் தலைகீழாக இருந்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் பிடிக்கும், மூடியும் வாயும் தப்பிக்கும். மூடி இறுகியிருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பாருங்கள். நனைந்த ஸ்லீப்பிங் பேக்கோடு அங்கே இரவைக் கழிப்பது விளையாட்டல்ல.

இரவில் பனியை உருக்கிச் சுடவைத்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்து, ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் வைத்துக்கொள்ளலாம். கால் கதகதப்பாக இருக்கும். நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்பும்போது மறுபடி அடுப்பு மூட்டிப் பனி உருக்கும் வேலையும் மிச்சம். அப்புறம், ஹெட்லாம்ப் பேட்டரிகளையும் கூடவே உள்ளே போட்டுவிடுங்கள். குளிரில் அவை சீக்கிரம் சோர்ந்துவிடும்.