'உடம்பு போட்டுட்டியே' என்று சொல்வதற்கு முன்னால்

கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்ட என் தங்கையிடம் ஒரு பெரியம்மா, "ஏற்கெனவே உடம்பு போட்டிருக்கு, போதுமே" என்றார். அக்கறையில்தான் சொன்னார். தங்கை இலையை மூடிவிட்டு எழுந்தாள், அன்று இரவு சமையலறையில் விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

நாலு பேர் சொன்னால் ரோஷம் வந்து இளைப்பார்கள் என்று நினைக்கிறோம். இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டியவர்களை நான்கு வருடம் கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், எடைக்காக மட்டமாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோவை ஒட்டிக் கூடியிருந்தது, அப்படி எதுவும் நேராதவர்களுக்கு 700 கிராம் குறைந்திருந்தது. கேலிதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேலியால் பலன் உண்டு என்று யாரும் சொல்லவும் முடியாது.

அதற்காகக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது, அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) 23ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறார்கள், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறார்கள்.

சரி, எப்படிச் சொல்வது?

முதலில், சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தானா என்று பாருங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள் இல்லையென்றால் பேச்சை எடுக்காதீர்கள்.

தனியாக இருக்கும்போது பேசுங்கள், தட்டுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். உடம்பின் அளவை விட்டுவிட்டு, அவரே சொன்ன கஷ்டத்திலிருந்து தொடங்குங்கள்: "மாடி ஏறினா முட்டி வலிக்குதுன்னியே, இப்ப எப்படி இருக்கு?" அப்புறம், "அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததே, நாம ரெண்டு பேருமே ஒரு டெஸ்ட் எடுத்துக்கலாமா?" வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், அடுத்த வாரமே திரும்பக் கேட்காதீர்கள்.

காரணத்தை நீங்களே முடிவுகட்டாதீர்கள். தைராய்டு குறைவு, பிசிஓஎஸ் என்று பெண்களுக்கு வரும் ஹார்மோன் கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, மனநோய்க்கான சில மாத்திரைகள், சர்க்கரைக்குப் போடும் இன்சுலின், எல்லாமே எடையைக் கூட்டும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூக்கம் பிடிக்காமல் கிடப்பவரிடம் போய் வாயைக் கட்டு என்பது எந்த விதத்தில் நியாயம்? இதே போல, நோயில் இளைத்துப் போனவரிடம் "சூப்பரா ஆயிட்டியே" என்று சொல்வதும் கொடுமை.

வீட்டில் மாற்ற வேண்டியதை எல்லோருக்குமாக மாற்றுங்கள். ஒருவர் தட்டில் மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டு மற்றவர்களுக்கு அப்பளம் பொரித்தால் அது தண்டனை. சாயங்காலம் "நட" என்று அனுப்பாமல் கூடவே நடங்கள்.

பிள்ளைகளுக்குக் 'குண்டு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், செல்லமாகச் சொன்னாலும்தான்.

இதையெல்லாம் கேட்டுக்கேட்டு நொந்துபோயிருப்பவர் நீங்கள் என்றால், விளக்கம் சொல்லத் தேவையில்லை. என் தங்கை இப்போது, "டாக்டர்கிட்ட பேசிட்டிருக்கேன் பெரியம்மா, உங்க கண் ஆபரேஷன் எப்படி ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பாயசத்தைக் குடிக்கிறாள்.