ஒன்பதாவதுக்கு புதுசா வர்ற புள்ளைங்களுக்கு துணைக்கு ஒரு அக்கா, ஒரு அண்ணன் போடுறது எப்படி

ஏற்காடு பக்கத்து ஊருங்கள்ல நிறைய புள்ளைங்க எட்டாவது வரைக்கும் ஊர்லயே நடுநிலைப்பள்ளில படிச்சுட்டு ஒன்பதாவதுக்கு தான் பெரிய ஸ்கூலுக்கு வரும். சேலம் வர்றதுல சிலது ஹாஸ்டல், சிலது தினமும் 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி வரும். ஜூன்ல வந்து ஆகஸ்ட்ல நின்னுடுற புள்ளைங்களுக்கு பாடம் கஷ்டம்னு சொல்லுவாங்க, நான் கிளாஸ் டீச்சரா பாத்த வரைக்கும் பாடத்த விட மத்தியான சாப்பாட்டு நேரம் தான் அதுங்கள தொரத்துது, யார் கூட உக்காருறதுன்னே தெரியாது.

அதனால முதல்ல ஆள் தேர்வு. ஃபர்ஸ்ட் ரேங்க் புள்ளைய போடாதீங்க. நான் ஒரு வருசம் அப்படி தான் போட்டேன், அந்த அக்கா தினமும் கணக்கு சொல்லிக்குடுத்துச்சு, புதுசா வந்த புள்ள மூணாவது நாளே வரல, அது இன்னும் மனசுல உறுத்துது. அதே பஸ்ல வர்ற, ரெண்டு வருசம் முன்னாடி இதே மாதிரி தெணறுன புள்ளைய தேடுங்க. பத்தாவது, பன்னெண்டாவதுக்கு பப்ளிக் எக்ஸாம் இருக்கு, பதினொண்ணாவது தான் சரி. ஒரு பெரிய புள்ளைக்கு ரெண்டு சின்ன புள்ள, அதுக்கு மேல குடுத்தா தாங்காது.

மொத நாள் ஸ்கூல சுத்திக் காட்டச் சொல்லுங்க, டாய்லெட், தண்ணி பைப், ஸ்டாஃப் ரூம், சாயந்தரம் பஸ் எங்க நிக்கும், இது போதும். புது பாஸ் வர்ற வரைக்கும் யூனிஃபார்மோ பழைய பாஸோ இருந்தா கவர்மெண்ட் பஸ்ல ஏறலாம்னு வருசா வருசம் சொல்றாங்க, இது தெரியாம டிக்கெட்டுக்கு காசு இல்லன்னு வீட்டுலயே இருந்துடுற புள்ளைங்க உண்டு. மலை எறங்கும்போது வாந்தி வர்ற புள்ளைக்கு முன்னாடி சீட்ல எடம் புடிச்சு கையில ஒரு எலுமிச்சம்பழம் குடுத்தா பாதி பயம் போயிடும்.

மொத வாரம் முழுக்க சாப்பாடு ஒண்ணா சாப்டணும், இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. போன வருசம் ஒரு புள்ள செவுத்த பாத்து உக்காந்து டப்பா மூடிய பாதி தொறந்து கையால மறைச்சுக்கிட்டே சாப்டுச்சு, உள்ள சாமை சோறு. துணைக்கு போட்ட அக்கா பக்கத்துல போய் உக்காந்து "கண்ணு, எங்க வீட்டுலயும் இதான், ஒரு வாய் குடு"ன்னு கேட்டு வாங்கி சாப்டுச்சு. மறுநாள் மூடி கீழ கெடந்துச்சு.

கேக்குற கேள்வியும் முக்கியம். "எல்லாம் ஓகேவா"ன்னு கேட்டா "ம்" தான் வரும். "இன்னிக்கு பக்கத்துல யாரு உக்காந்தா, எந்த பீரியட் புரியல, யாராச்சும் பட்டப்பேரு வச்சாங்களா"ன்னு கேக்கச் சொல்லுங்க. மலைல இருந்து வந்த புள்ளைங்கள பேச்ச வச்சு கேலி பண்றது நடக்குது, அதை அன்னிக்கே உங்ககிட்ட சொல்லணும்.

பெரிய புள்ளைங்ககிட்ட ரெண்டு விசயம் கண்டிப்பா சொல்லிடுங்க. சின்ன புள்ளைய தண்ணி புடிக்க, ரெக்கார்டு எழுத அனுப்பக் கூடாது. அடி வாங்குறேன், யாரோ தப்பா தொட்டாங்க, செத்துப்போலாம்னு இருக்குன்னு ஒரு புள்ள சொன்னா அதை ரகசியமா வச்சுக்கவே கூடாது, உடனே நம்புற டீச்சர்கிட்ட வரணும். 1098 (குழந்தைகளுக்கான உதவி எண்), 14417 (பள்ளிக்கல்வி உதவி எண்) ரெண்டு நம்பரையும் நோட்டு பின்னாடி எழுதி வைக்கச் சொல்லுங்க, ரெண்டுக்கும் காசு இல்ல.

காலாண்டு பரீட்சைக்கு அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ பாத்தா போதும். ஆனா மழை, பனிமூட்டத்துல பஸ் லேட்டாகி ரெண்டு நாள் சேந்தாப்ல வராத புள்ளைய மட்டும் மூணாவது நாள் விடாதீங்க, அதே பஸ்ல போற அக்காவ அன்னிக்கு சாயந்தரமே வீட்டுக்கு போய் பாத்துட்டு வரச் சொல்லுங்க.